வெர்லின் வண்டி பாறைப்படி ஏறியது குறித்து நாத்தனாருக்கு ஒரு விளக்கம்

மெரிடித், தெற்கு யூட்டா
ஆகஸ்ட், அடக்கம் முடிந்த வாரம்

மரியாதைக்குரிய நாத்தனார் ஆர்வில்லா அவர்களுக்கு,

இமோஜீன் எழுதுவது. இங்கு ஒருவரைத் தவிர அனைவரும் நலம். அந்த ஒருவரும் தற்போது குறை ஏதும் சொல்வதில்லை என்பதால் அவரையும் நலம் என்றே சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் குடியிருக்கும் மேசாவின் காய்ந்த வெயிலில் உங்கள் முழங்கால்கள் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய வெள்ளை லில்லி மலர்கள் வாடாமல் வந்து சேர்ந்தன. அவற்றோடு வந்த அட்டையில் ஆறுதல் ஒரு வரியாகவும் விசாரணை மீதி அட்டை முழுவதுமாகவும் இருந்தது. ஆறுதலுக்கு நன்றி. விசாரணைக்குப் பதில் பின்வருமாறு.

விஷயத்தை முதலிலேயே ஒழுங்காக எடுத்துவைத்துவிடுகிறேன். வகுப்பறைப் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடவில்லை. ஊர்க் கல்லறையில் உங்கள் அம்மா நிறுத்திவைத்த சாம்பல் நிறக் கல்லில் நான்கு பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன: உங்கள் அப்பா, அம்மா, நீங்கள், உங்கள் தம்பி வெர்ல். அதில் எனக்கும் ஓர் ஓரம் உண்டா என்று மணமான புதிதில் நான் கேட்டபோது, "ஏன், உங்க ஒஹாயோவுல கல்லுக்கா பஞ்சம்?" என்றார் உங்கள் அம்மா. நான் பாறையியல் படித்தவள். ஒஹாயோவில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆகவே மேற்கொண்டு நான் பேசவில்லை. பேசியவர் வெர்ல், அதுவும் எல்லோரும் கிழமான பிறகு, நன்றியறிதல் நாள் விருந்தில், உங்கள் முகத்துக்கு நேரே. ஓடைக்கு அப்பால் தாத்தாவின் பழைய நிலத்தில்தான் தன்னை அடக்கம் செய்யவேண்டும், அங்கே இரண்டு பேருக்கு இடமிருக்கிறது என்றார். "அங்க ஆடு ஏறுறதே பெரிசு. உன்னைய எவன்டா தூக்கிட்டுப் போவான்?" என்று கேட்டீர்கள். "என் வண்டி தூக்கிட்டுப் போகும்" என்றார் அவர். "அந்த அலமாரியா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் குழம்புக் கிண்ணம் ஆடியது. அலமாரி என்ற பெயர் நான் வைத்தது. என் அனுமதியின்றி எடுத்தாண்டீர்கள். அதன்பின் அக்காவும் தம்பியுமாக வான்கோழிக்கு மேல் கைநீட்டிக் குலுக்கிக்கொண்டீர்கள். வண்டி தன் சொந்த நான்கு சக்கரங்களில் அவரைத் தாத்தாவின் நிலம்வரை கொண்டுசேர்த்தால் அவர் அங்கே. சேர்க்காவிட்டால் உங்கள் அம்மாவின் கல்லுக்குக் கீழே. கயிறு கட்டி இழுக்கக் கூடாது, குதிரை கூடாது என்பவை நீங்கள் சேர்த்த ஷரத்துகள். இந்த ஊரில் கைகுலுக்கல் என்பது நீதிமன்றத் தீர்ப்பைவிடக் கெட்டியானது. நான் வெளியூர்க்காரியாக இருந்தாலும் அதை மதிக்கிறேன்.

வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் அதை நிறுத்திவைத்த நிலையில்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த நிலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டியே. பள்ளிப் பிள்ளைகளைக் கூடைப்பந்துப் போட்டிக்கு ஏற்றிச்சென்று, பிறகு கழித்துக்கட்டப்பட்ட பெரிய வேன் அது. உங்கள் தம்பி அதன் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அடுப்பு, கரண்டி தொங்கவிடக் கொக்கி எல்லாம் வைத்தார். செத்துப்போன ஒரு சரக்கு வண்டியின் முன் அச்சைக் கழற்றிவந்து இதன் அடியில் பொருத்தி, பின்சக்கரம் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்ததை நான்கு சக்கரமும் ஓட்டும்படி செய்தார். உடம்பைச் சக்கரங்களுக்கு மேலே எவ்வளவு தூக்கினார் என்றால், தேவாலயப் பெண்கள் அதில் ஏற முக்காலி கேட்டார்கள். "இது போகாத இடமே கிடையாது" என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. உயரமான பொருள் சாயும், நீளமான பொருள் நடுவில் மாட்டும், கனமான பொருள் மணலில் அமிழும். அச்சை மாற்றலாம், இந்த மூன்றையும் மாற்ற முடியாது என்று படம் வரைந்தே காட்டினேன். அவர் அந்தப் படத்தின் மேல் எண்ணெய்க் குடுவையை வைத்தார். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தாத்தாவின் நிலத்துக்குப் புறப்படுவோம். ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தப் பாறைப்படியில் வண்டி நிற்கும். "இன்னிக்குப் பாறை ஈரமா இருக்கு" என்பார். அல்லது காய்ந்து வழுக்குகிறது என்பார். படியின் கீழேயே ரொட்டி தின்றுவிட்டுத் திரும்புவோம். ஆக, மணவாழ்வில் பாதியை இந்த வண்டிக்கு எதிராக வாதாடிக் கழித்தவள் நான். அவர் போன மறுநாள் காலை கட்சி மாற வேண்டியதாயிற்று. தேர்தல் நேரத்தில் கட்சி மாறுகிறவர்களை நான் ஒருபோதும் மதித்ததில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

கட்சி மாறியது போதாதென்று, எதிர்க்கட்சியின் வக்கீலே எனக்கு வண்டி ஓட்டவும் நேர்ந்தது. உங்கள் மகன் தெய்ன் நடுவராக உங்களால் அனுப்பப்பட்டவன். ஷரத்துகளை விரல்விட்டு ஒப்பித்துக்கொண்டேதான் வந்து இறங்கினான். ஆனால் என் கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகவில்லை. பிஷப் டெலாய் ஞாயிறு மட்டும் பிஷப், மற்ற ஆறு நாளும் தீவனக் கடைக்காரர். தன் கடை லாரியைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றார். பக்கத்துப் பண்ணை நெட்ராவோ இஞ்சின் உள்ள எதையும் நம்புவதில்லை. அவள்தான் முந்தின நாளே தன் மருமகனோடு குதிரையில் போய் மேலே குழி வெட்டி வைத்தவள். "குதிரையில போயிருந்தா இந்நேரம் அடக்கமே முடிஞ்சிருக்கும்" என்று பிரார்த்தனைக் கூடத்தின் வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். மிச்சம் இருந்தது தெய்ன். மேசாவில் அவன் வைத்திருக்கும் வண்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு சக்கரமும் வேலை செய்யுமாம். அதை அவன் சொன்ன விதமே எனக்குக் கவலை தந்தது.

பிரார்த்தனை முறைப்படி நடந்தது. சவப்பெட்டியை வண்டிக்குள் ஏற்றும்போதுதான், வெர்லின் உயரத்தை வெர்லே மறந்துவிட்டுக் கட்டில் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. பின் கதவுகள் இரண்டும் ஒரு சாண் மூடவில்லை. அடக்கச் சேவைக்காரர் தன் நீளமான கறுப்புக் காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. கயிறு கேட்டேன். உடனே தெய்ன் விரலை உயர்த்தி, "அத்தை, கயிறு கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றான். "இழுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கட்டக் கூடாதுன்னு சொல்லலை" என்றேன். அவன் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் பிஷப் டெலாய் தன் கழுத்துப் பட்டையை, அந்த நீள டையை, அவிழ்த்து இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துக் கட்டிவிட்டார். நீல நிறம், வெள்ளைப் புள்ளி. இவ்வாறு தேவாலயத்தின் கண்ணியம் வண்டியின் பின்புறத்தில் பறக்க, நாங்கள் மூவரும் உங்கள் தம்பியும் புறப்பட்டோம். நெட்ரா தன் பெண்குதிரையில் பக்கத்தில் வந்தாள். எங்கள் பின்னே தூசி அதிகம் என்பதால் பெரும்பாலும் முன்னால் போனாள்.

தார்ச்சாலை முடிந்து மாட்டு வேலியைத் தாண்டியதும், மணலுக்கு முன் சக்கரக் காற்றை இறக்க வேண்டும். இதை எல்லோரும் செய்வார்கள். சக்கரம் தட்டையானால் மணலில் மிதக்கும், உப்பியிருந்தால் தோண்டும். பிஷப் கோட்டுடன் மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரமாகக் காற்றைப் பிடுங்கினார். நெட்ரா குதிரைமேல் இருந்தபடியே, "பிஷப், இவ்வளவு பணிவா உங்களை ஞாயித்துக்கிழமைகூட நான் பாத்ததில்லையே" என்றாள். "நீ ஞாயித்துக்கிழமை வந்தாத்தானேம்மா பாக்குறதுக்கு" என்றார் அவர், தலையைத் தூக்காமல். அடுத்தது முன்சக்கரங்கள். இந்த மாதிரி மாற்றிக் கட்டிய வண்டிகளில் உள்ளே நெம்புகோலைத் தள்ளினால் மட்டும் போதாது. இறங்கிப் போய் முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள திருகைக் கையால் திருப்பிப் பூட்டவேண்டும். பூட்டாவிட்டால் முன்சக்கரங்கள் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவுபோல் கூடவே வரும், வேலை செய்யாது. வெர்ல் இதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் தெய்னிடம் சொன்னேன். "சரி அத்தை, நான் பாத்துக்கிறேன்" என்றான். இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு வேலையை ஒருவரிடம் மட்டும் சொல்லக் கூடாது, அல்லது இருவரிடமும் சொல்லக் கூடாது. எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஓடையின் நடுவில் வண்டி நின்றது. நின்றது என்பது மரியாதையான சொல். பின்சக்கரங்கள் இரண்டும் பன்றி தோண்டுவதுபோல் தோண்டிக்கொண்டு, பின்கதவு வரைக்கும் மணலுக்குள் இறங்கின. பிஷப்பின் கழுத்துப் பட்டை மணலைத் தொட்டது. ஓடை காய்ந்துதான் இருந்தது. ஆனால் வடக்கே பீடபூமியின் தலையில் மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அங்கே பெய்தால் இங்கே துளிகூட விழாமலேயே இந்த ஓடை கரைபுரண்டு வரும் என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் இங்கேயே பிறந்தவர். நெட்ரா எதிர்க்கரையில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். பாதியைக் குதிரைக்குக் கொடுத்தாள்.

"முன்சக்கரம் சுத்தவே இல்லையே" என்றார் பிஷப், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

"திருகைத் திருப்பினியா?" என்று தெய்னைக் கேட்டேன்.

"திருப்பிட்டேன் அத்தை. ரெண்டு பக்கமும்."

"நீ எப்போப்பா திருப்பினே?" என்றார் பிஷப். "ரெண்டு பக்கமும் நான்ல திருப்பினேன்! காத்து இறக்குறப்பவே, உக்காந்த வாக்குலயே திருப்பிட்டேனே."

பிஷப் பூட்டியிருக்கிறார், அவர் பின்னாலேயே போய் உங்கள் மகன் பொறுப்பாகத் திறந்துவிட்டிருக்கிறான். "ரெண்டு பேரும் திருப்பினா எங்கடா பூட்டும்?" என்றேன். பிஷப் முன்னிலையில் அந்தக் குரலில் நான் பேசியது அதுவே முதல் முறை. நெட்ரா எதிர்க்கரையிலிருந்து, "என்ன, பூட்டு விளையாட்டா? நான் வந்து மூணாவது தடவை திருப்பட்டுமா?" என்று கத்தினாள். இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒருவரை ஒருவர் சாட்சி வைத்துக்கொண்டு திருகைத் திருப்பினார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னால் நானும் தெய்னும் கையால் மணல் தள்ளினோம். மணல் தள்ளலாமா என்று ஷரத்தை நினைவுபடுத்திப் பார்த்தான். கயிறும் இல்லை, குதிரையும் இல்லை, ஆகவே தள்ளலாம் என்று அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தள்ளினான். நேர்மையான பிள்ளை, நீங்கள் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள். சில இடங்களில் தேவைக்கு மேல் நன்றாக. தாழ்ந்த கியரில் போட்டதும், ஆர்வில்லா, அந்த வண்டி எழுந்தது. நான்கு சக்கரமும் ஒன்றாக மணலைப் பிடித்து, குரலை உயர்த்தாமல், முன்னால் இருந்து யாரோ நிதானமாக இழுப்பதுபோல் அதுபாட்டுக்கு நடந்து கரையேறியது. அதை நான் ஒத்துக்கொள்ளவேண்டும். உங்கள் தம்பியின் வேலை அது. அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு தடவைகூட அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்வதால் பயனும் இல்லை. எனவே மேலே செல்கிறேன்.

கரையேறிய பிறகு பாதை மலைச்சரிவைச் சுற்றிப் போகிறது. பாதை என்பதும் மரியாதைச் சொல்தான். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் ஓடையை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். தாழ்வான வண்டி அதில் பயமில்லாமல் போகும். அலமாரி பயத்தோடு போகும். வண்டி சாயத் தொடங்கியதும் கொக்கிகளில் தொங்கிய கரண்டிகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டின. "அத்தை, மேட்டுப் பக்கமா வாங்க! பிஷப், நீங்களும் வாங்க! எல்லாரும் மேட்டுப் பக்கம்!" என்று தெய்ன் கூவினான். தீவனக் கடைக்காரர் எடைக்கு நான் நன்றி சொன்ன ஒரே தருணம் அது. என் மடியில் பாதி பிஷப். பெட்டி மட்டும் எங்கள் பேச்சைக் கேட்காமல் தாழ்ந்த பக்கமாக நகர்ந்து அடுப்பலமாரியில் இடித்தது. நான் கையை நீட்டி மூடிமேல் வைத்து, "கொஞ்சம் அசையாம இருங்க" என்றேன். அடுத்த திருப்பம்வரை கேட்டார். பிஷப் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். "யாருக்காக?" என்று கேட்டேன். "போனவருக்கு இனி ஆபத்தில்லைம்மா. நமக்காகத்தான்" என்றார்.

சரிவு முடிந்த இடத்தில் பாப்ளர் மரத்தின் கிளை ஒன்று பாதைக்குக் குறுக்கே இருந்தது. உயரம் என்ற என் முதல் ஆட்சேபணை இந்த இடத்தில் சான்றுடன் நிரூபணமானது. பிஷப் இறங்கி முன்னால் நின்று கைகாட்டினார். தன் கடையில் லாரிகளைப் பின்பக்கமாகத் தூண் வரைக்கும் வரவழைத்தே பழகியவர். "வா, வா, இன்னும் வா" என்று கைகாட்ட மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. தெய்ன் வந்தான். கூரைமேல் இருந்த காற்றுப்போக்கியை மரம் எடுத்துக்கொண்டது. ஓட்டை வழியே ஒரு சதுரம் வானமும், அதில் நெட்ராவின் முகமும் தெரிந்தன. குதிரையை மரத்தடி மேட்டில் ஏற்றி எட்டிப் பார்த்தாள். "நல்லா காத்து வருதா?" என்றாள். "வருது" என்றேன். "வெர்லுக்கு?" என்றாள். கேட்டுவிட்டு அவளே தொப்பியைக் கழற்றிக்கொண்டாள். அவளும் அவரும் சிறுவயதில் ஒரே குதிரையில் பள்ளிக்குப் போனவர்கள். அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்; எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும்.

பிறகு பாறைப்படி. மணற்கல், என் இடுப்பளவு உயரம், பாதையின் முழு அகலத்துக்கும் படுத்துக்கிடக்கிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், சுற்றிப் போக வழியில்லை. முன்னால் யாரோ அடுக்கிவைத்த கற்கள் பாதிப் படிக்குச் சாய்வு தருகின்றன. நாங்கள் இறங்கி நடந்து பார்த்தோம். தெய்ன் மேலும் சில கற்களை அடுக்கினான். பிறகு வண்டியில் ஏறினான். வண்டி பாறைப்படி ஏறியது. அதற்கு மேல் விவரிக்க ஒன்றுமில்லை.

தாத்தாவின் நிலம் நீங்கள் நினைவில் வைத்திருப்பதைவிடச் சிறியது. பீச் மரங்களில் ஒன்று மட்டும் உயிரோடு இருக்கிறது. நெட்ரா வெட்டியிருந்த குழி சுத்தமாக, மூலைகள் நேராக இருந்தது. அவரைக் கிழக்குப் பார்க்க வைத்தோம். பிஷப் டெலாய் கழுத்துப் பட்டையில்லாமல், முழங்காலில் செம்மண்ணோடு, அந்த இடத்தை அர்ப்பணித்துப் பிரார்த்தனை சொன்னார். பூமியே, இவரைத் தொந்தரவில்லாமல் வைத்திரு என்ற பொருளில் மிகச் சுருக்கமாக. கடையில் கணக்குச் சொல்லும் அதே குரல்தான். தெய்ன் முதல் மண்ணைப் போட்டான். உங்கள் லில்லியில் ஒன்றை நான் கொண்டுபோயிருந்தேன். அதை உங்கள் பெயரில் வைத்தேன். வடக்கே இடி உருண்டது. அவருக்கு இடப்பக்கத்தில் எனக்கு வேண்டிய அகலம் இருக்கிறது. நான் அதில் கால்களால் நடந்து அளந்து பார்த்தேன், தாராளம். மழைக்கு முன் திரும்பிவிட்டோம். திரும்பிய விதம் இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமற்றது. வண்டி தற்போது மேலேயே ஓய்வில் இருக்கிறது. அது போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இனி அதை எங்கும் போகச் சொல்வதாக இல்லை.

ஆகவே, நாத்தனார் அவர்களே, கைகுலுக்கியபடி நடந்தது. கயிறு இல்லை. குதிரை இல்லை. உங்கள் தம்பி அவர் கேட்ட இடத்தில் இருக்கிறார், அங்கேயே இருப்பார். ஊர்க் கல்லில் அவர் பெயருக்குக் கீழே தேதி வெட்ட ஆள் வரச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன், வழிக்குச் சாப்பாடு கொடுத்து.

உங்கள் முழங்கால்களுக்கு வலிமையும், மேசாவில் உங்களைப் பார்த்துக்கொள்ளும் தாதியருக்குப் பொறுமையும் தொடர்ந்து கிடைக்கட்டும். பெண்கள் சங்கத்தார் கொண்டுவந்த பாலாடை உருளைக்கிழங்கு இன்னும் மூன்று குடும்பத்துக்குக் காணும். உங்கள் பங்கையும் சேர்த்து நானே உண்கிறேன். மூத்தவர் என்ற முறையில் உங்களுக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
இமோஜீன்

பின்குறிப்பு: இதை உறையில் இட்டு, தபாலில் போடச் சொல்லித் தெய்னிடம் கொடுத்தேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "பாறைப்படி பத்தி என்ன எழுதினீங்க அத்தை?" என்றான். சொன்னேன். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "நான் சொல்லாம வேணா இருப்பேன். ஆனா அம்மா கேப்பாங்க. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றான். நேர்மையான பிள்ளை என்று முன்பே எழுதினேன். எனவே உறையைப் பிரித்துக் கீழ்க்கண்டதைச் சேர்க்கிறேன்.

வண்டி பாறைப்படி ஏறவில்லை. முன்சக்கரங்கள் ஏறின, அழகாகவே ஏறின. பின்சக்கரங்கள் கீழே இருந்தன. இடையில் அந்த நீளமான வயிறு போய்ப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்தது. நான் படம் வரைந்து காட்டிய அதே இடத்தில், அதே மாதிரி. தெய்ன் அடுக்கிய கற்கள் பின்னால் உருண்டன. நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போய்ச் சேர்ந்தது, நான்குக்கும் தரை இல்லை. எல்லாம் காற்றில் சுழன்றன. நான் சொன்னதே சரி என்று ஆயிற்று. அதில் எனக்கு ஏன் ஒரு திருப்தியும் வரவில்லை என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இஞ்சினை அணைத்தோம். தாத்தாவின் நிலம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது; பீச் மரம் கண்ணுக்குத் தெரிந்தது. நெட்ரா சேணத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, "இதை வண்டியில கட்டுறேன், குதிரை இழுத்துரும்" என்றாள். உங்கள் ஷரத்துகள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மீறியவள் அவள்தான். நான் வேண்டாம் என்றேன். கைகுலுக்கல் கைகுலுக்கல்தான். "தெய்ன், உங்க அம்மா ஜெயிச்சிட்டாங்க. ஊர்க் கல்லறைக்கே கொண்டுபோயிரலாம்" என்றேன். பாறைமேல் உட்கார்ந்துதான் சொன்னேன்.

தெய்ன் வடக்கே மேகத்தைப் பார்த்தான். கீழே ஓடையைப் பார்த்தான். பிறகு பின்பக்கம் போய்ப் பிஷப்பின் கழுத்துப் பட்டையை அவிழ்த்து, மடித்து, அவரிடம் கொடுத்தான். "கீழ போறதுன்னாலும் மாமாவைத் தூக்கிட்டுத்தான் போகணும். அங்க போறதுன்னாலும் தூக்கிட்டுத்தான் போகணும். அவர் அங்க போகத்தான் கெளம்பினாரு" என்றான். சொல்லிவிட்டு முதல் கைப்பிடியைப் பிடித்தவன் உங்கள் மகன், ஆர்வில்லா. உங்கள் நடுவர்.

பெட்டியைக் குதிரையில் கட்டி இழுக்கலாம் என்று நெட்ரா ஆரம்பித்தாள். "என் மாமாவை இழுத்துட்டா போறது?" என்று அவன் கேட்ட குரலில் அவள் வாயை மூடிக்கொண்டு இறங்கிவந்து எதிர்க் கைப்பிடியைப் பிடித்தாள். பிஷப் ஒன்றைப் பிடித்தார். மீதி ஒன்று இருந்தது. "நீங்க வேணாம்மா, கண்ணு ஆபரேஷன் ஆனவங்க" என்றார் பிஷப். நான் கண்ணால் தூக்கப் போவதில்லை என்றேன். வண்டிக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே ஒரு குதிரை நுழையும் சந்து இருந்தது; அங்கே படியின் மேலே நெட்ராவும் நானும் நின்று வாங்க, கீழேயிருந்து ஆண்கள் இருவரும் ஏந்திக் கொடுத்தார்கள். இரண்டு தடவை இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். இரண்டாம் தடவை பிஷப், "உங்க மாமா நல்லா சாப்பிடுவாரு போல" என்றார். தெய்ன் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். திரும்பும்போது ஓடைவரை நடந்தோம். என்னை மட்டும் நெட்ரா தனக்குப் பின்னால் குதிரையில் ஏற்றிக்கொண்டாள். ஓடையைத் தாண்டி மாட்டு வேலியை அடையும்போது பின்னால் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது.

ஆகவே பந்தயத்தில் வென்றது நீங்கள். உங்கள் தம்பி நான்கு சக்கரத்தில் போகவில்லை, எட்டுக் காலில் போனார். கைகுலுக்கியபடி அவர் உங்கள் அம்மாவின் கல்லுக்குக் கீழே சேரவேண்டியவர். அதை நான் மறுக்கவில்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தேதி வெட்டுகிறவரையும் திரும்ப வரச் சொல்லுங்கள், இம்முறை தடுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். தாத்தாவின் நிலத்துக்கு அந்த ஒரு பாதைதான். வேறெந்த வண்டிக்கும் வழிவிடாமல் அதை அடைத்துக்கொண்டு, படியின்மேல் வயிறு பதிய, வெர்லின் வண்டி உட்கார்ந்திருக்கிறது. அதை நகர்த்தினால்தான் இன்னொரு வண்டி உள்ளே போய் எதையும் வெளியே கொண்டுவர முடியும். அதை நகர்த்த வழி இருந்திருந்தால், நான் தோற்றிருக்கவே மாட்டேன்.